பென் டிரைவில் இருக்கும் மாஸ்டர்

போன மாதம் எங்கள் கோயில் கணக்கு நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டி வந்தது. (கோயில் என்று நான் சொன்னால் அது மாதா கோயில். எங்கள் பக்கத்தில் சர்ச் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோயில், பூசை, சாமியார், உபதேசியார்... இதுதான் எங்கள் பேச்சு.) உத்திரமேரூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, காலனிக்கு நடுவில் இருக்கிற சின்னக் கோயில். தனிப் பங்கு கிடையாது, கிளைக் கிராமம்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறு சாமியார் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஜெபம் நடத்துவார். நான் பதினொன்றாவதில் காமர்ஸ் குரூப் எடுத்த குற்றத்துக்காக அன்றிலிருந்து கணக்கு எழுதும் வேலை என் தலையில் :-)

அந்த நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. 2020 மார்ச் 15, ஞாயிறு காணிக்கை 184 ரூபாய் என்று பழைய கணக்கப்பிள்ளை தாத்தாவின் கையெழுத்து. அதற்கு நேர் கீழே அடுத்த வரி 2020 ஜூலை 8. நடுவில் ஒரு கோடுகூட இல்லை. கணக்கு தெரியாதவர்கள் பார்த்தால் அடுத்த வாரத்துக் கணக்கு என்றுதான் நினைப்பார்கள். நாலு மாதம் அந்த இரண்டு வரிக்கு நடுவில் அப்படியே மடங்கிக் கிடக்கிறது.

அந்த இடைவெளியையும் அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிடலாம் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். முக்கியமாக எங்கள் மாஸ்டரைப் பற்றி.

மாஸ்டர் என்றால் ஆர்மோனிய மாஸ்டர். பெயர் வேண்டாம், எங்களுக்கும் அவர் மாஸ்டர்தான். மதுராந்தகம் பக்கத்து ஊர்க்காரர். டி.வி.எஸ். ஃபிஃப்டியின் முன்னால் ஆர்மோனியப் பெட்டியை நிறுத்தி, சைக்கிள் ட்யூப் போட்டுக் கட்டிக்கொண்டு வருவார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஒரு கோயில், ஒன்பது மணிக்கு எங்கள் கோயில், சாயங்காலம் இன்னொரு ஊரில் பாட்டு கிளாஸ். நடுவாரத்தில் கல்யாணம், புதுநன்மை, தேர்த் திருவிழா, துக்க வீடு. எங்கள் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கு 250 ரூபாய், பெட்ரோல் உட்பட. எனக்கு ஆறாவது படிக்கும்போது தபேலா கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவர் தபேலா வாசிப்பவரே கிடையாது. ஆனாலும் தொடையில் தட்டிக் காட்டியே கற்றுக்கொடுத்துவிட்டார்.

2020 மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. அன்று பூசை இல்லை. ஒரு வாரம்தானே என்று இருந்தோம். 24-ஆம் தேதி சாயங்காலம் 144, ராத்திரி பிரதமர் டி.வி.யில் 21 நாள் என்றார். எனக்கு 27-ஆம் தேதி பத்தாவது பப்ளிக் தொடங்க வேண்டியது. (அந்தப் பரீட்சை கடைசிவரை நடக்கவேயில்லை. ஜூன் 9-ஆம் தேதி எல்லோரும் பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றிப் பேசினால் இது வேறு கட்டுரை ஆகிவிடும்.) அந்த 21 நாளுக்குள்தான் குருத்து ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் வந்து விழுந்தன. பாட்டுக்காரர்களுக்கு வருஷத்தில் அதைவிடப் பெரிய வாரம் கிடையாது. ஒரு மாதம் முன்னாலேயே ராத்திரி ராத்திரி பிராக்டிஸ் போட்டு வைத்திருந்தோம்.

ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு. பவனி இல்லை. அம்மா தென்னங்குருத்தைக் கிழித்துச் சிலுவை பின்னி வாசல் நிலையில் செருகினார். காலனி முழுக்க எல்லா வீட்டு நிலையிலும் குருத்து. அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கு ஏற்றச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் ஏற்றிய மெழுகுவர்த்தி எதற்காக என்று எனக்கே குழப்பம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடும்போது மணியை எல்லாம் அடித்து முடிப்பார்கள். அதற்குப் பிறகு ஈஸ்டர் ராத்திரி மறுபடி வானவர் கீதம் வரும்வரை மணி கிடையாது, மரத்தட்டைதான். வாத்தியங்களும் அப்படியே. பாட்டுக்குச் சுருதி பிடிக்க மட்டும் தொடலாம், தனியாக வாசிக்கக் கூடாது. எங்கள் ஊரில் மாஸ்டர் அந்த இரண்டு நாளும் ஆர்மோனியத்தைத் திறக்கவே மாட்டார், வெறும் குரல்தான். நான் தபேலாவை உறையில் போட்டு மூலையில் வைத்துவிடுவேன். ஈஸ்டர் ராத்திரி இருட்டில் உட்கார்ந்து, சாமியார் அந்தக் கீதத்தைத் தொடங்கின அடுத்த விநாடி விளக்கு, மணி, ஆர்மோனியம், தபேலா எல்லாம் ஒன்றாக வெடிக்கும் பாருங்கள், அதற்காகத்தான் சின்னப் பையன்கள் எல்லாம் தூங்காமல் இருப்பார்கள். அந்த வருஷம் தபேலாவை நான் உறையில் போடவே இல்லை. ஏனென்றால் மார்ச்சில் போட்டதை எடுக்கவே இல்லை. ஈஸ்டர் ராத்திரி வீட்டில் மாதா டி.வி.யில் பூசை பார்த்தோம். நடுவில் கரண்ட் போனது. அம்மா இருட்டிலேயே மீதியைத் தானே சொல்லி முடித்தார்.

மே மாதத்தில் மாஸ்டரே போன் செய்தார். "டேய், ஜூம்னு ஒண்ணு இருக்காமே, அதுல பிராக்டிஸ் போடலாமாடா?"

போட்டோம். எங்கள் பாடற்குழுவில் பதினோரு பேர். போன் இருந்தது ஆறு பேரிடம், நெட் ஒழுங்காக வந்தது நாலு பேருக்கு. மாஸ்டர் ஆர்மோனியத்தை வாசித்தால் எங்களுக்கு முதல் ஒரு விநாடி கேட்கும், அப்புறம் சத்தம் அப்படியே அமுங்கிப்போகும். போன் கெட்டுவிட்டது என்று நினைத்தார். பிறகுதான் கண்டுபிடித்தேன். பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி ஒன்று ஜூமில் தானாகவே ஓடுகிறது. பேச்சு விட்டுவிட்டு வரும், ஃபேன் சத்தம் ஒரே சீராக வரும், அதனால் சீராக வருவதை எல்லாம் இரைச்சல் என்று முடிவுகட்டி வெட்டிவிடும். ஆர்மோனியம் வேறு எப்படி வரும்? அதை மாஸ்டரிடம் சொன்னபோது, "ஃபேனும் நானும் ஒண்ணாடா?" என்று சிரித்தார்.

அந்த வசதியை அணைத்த பிறகு அடுத்த தொல்லை. அவர் வாசிப்பது எனக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதம், நான் அதற்குத் தட்டுவது அவருக்குப் போய்ச் சேர இன்னும் கொஞ்சம் தாமதம். நேரில் சேர்ந்து வாசிக்கும்போது ஒரு விநாடியில் நூறில் மூன்று பங்குக்கு மேல் தாமதம் இருந்தாலே தாளம் ஆட்டம் காணும். போனில் அது பல மடங்கு. என் தபேலா பின்தங்கிக் கேட்டதால் அவர் எனக்காகக் காலத்தைக் குறைத்தார். அவர் குறைத்தது கேட்டு நான் இன்னும் குறைத்தேன். நாலு வரி முடிவதற்குள் பாட்டு சவ ஊர்வலம் மாதிரி ஆகிவிட்டது. நாற்பது நிமிஷத்தில் ஜூம் தானாகவே கட் ஆனது, இலவசக் கணக்கு அவ்வளவுதான். அதோடு விட்டோம்.

சேர்ந்து பாடுவது என்றால் ஒரே அறையில் இருக்கிற காற்றைப் பங்கு போட்டுக்கொள்வது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தக் காற்றுதான் ஆபத்தும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கு என்ற இடத்துப் பாடற்குழு 2020 மார்ச் 10-ஆம் தேதி இரண்டரை மணி நேரம் பிராக்டிஸ் செய்திருக்கிறது. வந்தவர்கள் 61 பேர். அதில் ஒருவருக்கு ஏற்கெனவே லேசான அறிகுறி இருந்தது. கடைசியில் 53 பேருக்கு நோய் (33 பேருக்கு டெஸ்டில் உறுதியானது, மீதி 20 பேருக்கு இருந்திருக்கலாம் என்ற கணிப்பு), இரண்டு பேர் இறந்துபோனார்கள். அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மே மாதம் அறிக்கையே வெளியிட்டது. நாங்களும் எங்கள் கோயிலின் பக்கவாட்டு அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே மைக்கில் நாலு பேர் பாடுகிறவர்கள்தான். மார்ச் 10-ஆம் தேதி வாக்கில் நாங்களும் பிராக்டிஸில்தான் இருந்தோம். அதிர்ஷ்டம், வேறென்ன.

அதனால் அடுத்து வந்த விதியை நான் குறை சொல்லவில்லை. 2020 ஜூன் 4-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் வழிபாட்டுத் தலங்களுக்கான நடைமுறையை வெளியிட்டது. தண்ணீர் தெளிக்கக் கூடாது, பிரசாதம் கொடுக்கக் கூடாது, சிலையைத் தொடக் கூடாது என்று போகும் பட்டியலில் ஒரு வரி: முடிந்தவரை பதிவு செய்த பக்திப் பாடல்களை ஒலிக்கவிடலாம், பாடற்குழுக்களை அனுமதிக்கக் கூடாது. கோயில், மசூதி, சர்ச் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. உபதேசியார் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மாஸ்டருக்கும் அனுப்பினார்.

தமிழ்நாட்டில் அப்போதும் திறக்கவில்லை. கிராமப்புறத்தில் சின்ன வழிபாட்டுத் தலங்களை மட்டும் ஜூலை 1 முதல் திறக்கலாம் என்று பிறகு அறிவித்தார்கள். சின்னது என்பதற்கு அளவுகோல் ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் குறைவு. எங்கள் கோயில் கமிட்டி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஞாயிறு காணிக்கையை மட்டும் கூட்டினால் பத்தாயிரத்துக்குள் வருகிறது. தேர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு போடும் வரியைச் சேர்த்தால் தாண்டுகிறது. பிறகு பன்னிரண்டாவது அக்கவுண்டன்சியில் இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்கு பாடம் வந்தபோது எனக்கு இந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது. குறிப்பிட்ட காரியத்துக்காக வாங்கிய பணம் வருவாயின வரவு ஆகாது என்று பாடத்தில் இருந்தது. எங்கள் கணக்கப்பிள்ளை தாத்தா எட்டாவது வரை படித்தவர். அவரும் அதையேதான் சொன்னார்: "திருவிழா பணம் சாமி பணம்பா, அது வருமானத்துல வராது." ஏழைக் கோயிலாக இருந்ததில் முதல் தடவையாக ஒரு லாபம்.

திறந்தாயிற்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை திறக்க முடியாது! அந்த ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் எல்லா ஞாயிறும் தளர்வில்லாத முழு ஊரடங்கு. நோட்டில் ஜூலை 8 என்று இருப்பது அதனால்தான், அது புதன்கிழமை. மாஸ்டர் வர முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2019 நவம்பர் கடைசியில் காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்துச் செங்கல்பட்டு மாவட்டம் ஆக்கினார்கள். உத்திரமேரூர் காஞ்சிபுரத்தில் நின்றது, மதுராந்தகம் செங்கல்பட்டுக்குப் போனது. மறைமாவட்டக் கணக்கில் (அது 2002-லேயே தொடங்கியது) நாங்கள் எல்லோரும் செங்கல்பட்டுதான். ஆனால் போலீஸ் செக்போஸ்டில் மறைமாவட்டம் செல்லாதே. ஆகஸ்ட் 31 வரை மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ் வேண்டும். கல்யாணத்துக்கு, சாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு இ-பாஸ் உண்டு. ஆர்மோனியம் வாசிக்கப் போகிறேன் என்று எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

இந்த இடத்தில்தான் பென் டிரைவ் உள்ளே வந்தது. 8 ஜி.பி., 350 ரூபாய், நானே போய் வாங்கி வந்தேன். முதலில் கடையில் கிடைக்கும் பக்திப் பாட்டுகளைப் போட்டோம். ஸ்டுடியோவில் பாடியது, வயலின், கோரஸ் எல்லாம் இருக்கிறது. ஜனங்களுக்கு ஒட்டவே இல்லை. பின்வரிசையில் ஒரு பெரியம்மா, "யாரோ வூட்டு கல்யாணத்துக்கு வந்தா மாதிரி இருக்கு" என்று சொன்னார். வாயைத் திறந்து பாடினால் ஸ்ருதி எட்டவில்லை, பாடவும் கூடாது. முகக்கவசத்தோடு சும்மா நின்றுவிட்டு வந்தோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே வழிபாட்டைப் பற்றிய ஏட்டில், ஜனங்கள் அன்னியர்கள் மாதிரியும் ஊமைப் பார்வையாளர்கள் மாதிரியும் நிற்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் லத்தீன் போய்த் தமிழ்ப் பூசையும் ஆர்மோனியமும் தபேலாவும் எங்கள் மாதிரி ஊர்களில் இந்த அளவுக்கு வந்தன. நாங்கள் அந்த ஜூலையில் சரியாக அந்த ஊமைப் பார்வையாளர்கள்தான்.

சரி, பதிவு செய்த பாட்டுதானே வேண்டும், நம் பாட்டையே பதிவு செய்தால் என்ன? இந்த யோசனையைச் சொன்னவன் நான். இதை நான் ஒத்துக்கொண்டுதான் மேலே எழுத வேண்டும்.

செப்டம்பர் முதல் தேதியிலிருந்து இ-பாஸ் ரத்து. முதல் வாரமே மாஸ்டர் வந்தார். ஆறு மாதத்தில் ஆளே இளைத்திருந்தார். அந்த வருஷம் வைகாசிக் கல்யாணங்கள் எல்லாம் ஐம்பது பேருக்குள், பாட்டுக்காரர்கள் இல்லாமல் நடந்து முடிந்திருந்தன. அரசாங்கம் ரேஷன் கார்டுக்குக் கொடுத்த ஆயிரம் ரூபாய் அவருக்கும் வந்தது. அதைத் தவிர எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் வராது. வாரியத்தில் பதிந்த கலைஞர் கிடையாது, கோயில் சம்பளக்காரர் கிடையாது. எங்கள் பக்கத்து நாதஸ்வரக்காரர்கள் பலருக்கும் அதே கதைதான்.

கோயில் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பலிபீடத்துக்கு முன்னால் பாயைப் போட்டு, என் போனை ஒரு பைபிள் மேல் நிறுத்தினேன். அவர் பதினான்கு பாட்டு வாசித்தார். வருகைப் பாட்டிலிருந்து நன்றிப் பாட்டு வரை, பிறகு கிறிஸ்துமஸ் பாட்டு நாலு. துருத்தியை அழுத்தும்போது 'புஸ் புஸ்' என்று வரும் சத்தத்தை மறைக்க மடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டார். நடுநடுவே தண்ணீர் குடித்துக்கொண்டு கதை சொன்னார். ஆல் இந்தியா ரேடியோவே 1940-இல் ஆர்மோனியத்தைத் தடை செய்து சுமார் முப்பது வருஷம் உள்ளே விடவில்லையாம். வெள்ளைக்காரன் வாத்தியம், கமகம் வராது என்று. "இந்தப் பொட்டிக்கு லாக்டவுன் புதுசு இல்லடா" என்றார்.

மற்றவர்கள் பாட வேண்டும். பதினோரு பேரை ஒரு அறையில் வைக்க முடியாது. அதனால் மாஸ்டர் வாசிப்பை எல்லோருக்கும் அனுப்பி, ஒரு காதில் இயர்போனில் கேட்டுக்கொண்டே பாடி, இன்னொரு போனில் பதிவு செய்யச் சொன்னேன். எங்கே கோர்ப்பது என்று தெரிவதற்காக ஆரம்பத்தில் மாஸ்டர் மூன்று தட்டு தட்டியிருப்பார், அதற்குச் சரியாகக் கைதட்டச் சொன்னேன். வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள், சத்தம் நசுங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்று ஐம்பது தடவை சொன்னேன். வந்த பதிவுகளில் சேவல், ஆடு, போர் மோட்டார், யாரோ யாரையோ திட்டுவது எல்லாம் இருந்தது. ஒரு அக்கா நெல் மெஷின் ஓடும் நேரத்தில் பாடியிருந்தார். பதினைந்து நாள் ராத்திரி உட்கார்ந்து கோர்த்தேன். பெண் குரல்கள் சரணத்தில் சுருதி இறங்கின. அதனால் மாஸ்டர் வழிகாட்டுவதற்காக மெல்லிசாகப் பாடி வைத்திருந்த குரலை நான் எடுக்காமல் அடியில் அப்படியே விட்டுவிட்டேன். அதுதான் எல்லோரையும் தாங்கிப் பிடித்தது.

முதல் தடவை ஒலித்த அன்று அந்தப் பெரியம்மா அழுதுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு கிளைக் கிராமத்திலிருந்து காப்பி கேட்டு வந்தார்கள். கொடுத்தேன்.

அதே செப்டம்பரில் கமிட்டிக் கூட்டம். காணிக்கை பாதியாகிவிட்டது, கூட்டம் கூடக் கூடாது, பாடவும் கூடாது. அதனால் நிலைமை சரியாகும் வரை மாஸ்டருக்கான 250-ஐ நிறுத்தி வைக்கலாம் என்று பேசினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. அவர்களுக்கே வேலை இல்லாத காலம். நோட்டு அப்போதுதான் என் கைக்கு வந்திருந்தது. அந்த வரியை எழுதியது நான். நான் பென் டிரைவ் கொடுத்த நாலு ஊரிலும் என்ன பேசியிருப்பார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அதில் இரண்டு ஊர் அவர் வாசிக்கும் ஊர்.

2021 ஈஸ்டர் ஏப்ரல் 4. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால். ஊர் முழுக்கப் பிரசாரக் கூட்டம், ஆட்டம், பாட்டம். நாமும் பாடினால் என்ன என்று மாஸ்டரைக் கூப்பிட்டோம், வந்து வாசித்தார். நான் தபேலாவை எடுத்தேன். ஒரு வருஷம் கழித்து அந்த வானவர் கீதம். அதைப் பற்றி எழுத எனக்கு மொழி போதாது, விட்டுவிடுகிறேன். ஏப்ரல் 26 முதல் மறுபடி எல்லா வழிபாட்டுத் தலங்களும் மூடல். மே 10 முதல் முழு ஊரடங்கு.

அந்த மே மாதம் என் பாட்டி இறந்துபோனார். கொரோனா இல்லை, வயசு. அதனால் உடம்பு வீட்டிலேயே இருந்தது. எங்கள் ஊரில் சாவு வீடு என்றால் ராத்திரி முழுக்கப் பாட்டு. உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பாடுவார்கள். விடியும்போது குரல் கட்டியிருக்கும். அதுதான் மரியாதை. அன்று இருபது பேருக்கு மேல் கூடாது, சாமியார் வந்து பத்து நிமிஷத்தில் மந்திரித்துவிட்டுப் போய்விட்டார். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை அம்மாவால் தாங்க முடியவில்லை. ஸ்பீக்கரை எடுத்து வந்து பென் டிரைவைப் போடட்டுமா என்று கேட்டேன். அப்பா முறைத்தார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு டி.வி.எஸ். ஃபிஃப்டி சத்தம். போலீஸ் நிற்கும் மெயின் ரோட்டை விட்டு, ஏரிக்கரை வழியாகச் சுற்றி வந்திருந்தார். ஆர்மோனியம் இல்லை. பெட்டியைப் பார்த்தால் எங்கே போகிறாய் என்று நிறுத்திக் கேட்பார்கள் என்று கொண்டுவரவில்லை. வீட்டுக்குள் வரவில்லை, வாசல் வேப்பமரத்தடியில் தனியாக நின்றார். முகக்கவசத்தைக் கழற்றவில்லை. வெறும் குரலில், பாட்டிக்குப் பிடித்த பாட்டுகளைப் பாடினார். கவசத்துக்குள்ளிருந்து வந்ததால் வார்த்தை சரியாகப் புரியாது, ராகம்தான் புரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரவர் திண்ணையில் உட்கார்ந்து கூடவே முனகினார்கள். அப்படியே தெரு முழுக்க. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அப்பா ஐந்நூறு ரூபாயை நீட்டியபோது, "பாட்டிகிட்ட எத்தனை ஞாயித்துக்கிழம கேழ்வரகுக் கூழு குடிச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்த்தது எட்டு மாதம் கழித்துத்தான்.

ஜூன் கடைசியில் எங்கள் மாவட்டத்தில் கோயில்கள் திறந்தன. ஆகஸ்டில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மூட வேண்டும் என்று உத்தரவு, அக்டோபர் 14 வரை. 2022 ஜனவரியில் ஒமிக்ரான், மறுபடி அதே மூன்று நாள், அதிலும் மூன்று ஞாயிறு முழு ஊரடங்கு. வெள்ளிக்கிழமை பறிபோன முஸ்லிம்களுக்கும் ஞாயிறு பறிபோன எங்களுக்கும் அதில் ஒரே நிலைமை. ஞாயிறு பாட்டை நம்பிப் பிழைக்கிற ஒரு ஆளுக்கு 2020 மார்ச்சிலிருந்து 2022 ஜனவரி வரை எத்தனை ஞாயிறு போனது என்று காலண்டரை வைத்து ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

மாஸ்டர் இடையில் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விட்டார். வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஷிஃப்ட். பார்ட்ஸை எண்ணி அட்டைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. வார லீவு சுழற்சியில் வரும், ஞாயிறு வந்தாலும் ஓவர்டைம் இருந்தால் போக வேண்டும். ஓவர்டைமை விட முடியாது, ஏனென்றால் வாங்கின கடன் அப்படி.

2022-இல் எல்லாம் சரியாகிவிட்டது. முகக்கவசம் போனது, திருவிழா பழையபடி நடந்தது, தேருக்குச் சீரியல் லைட் கூடுதலாகவே போட்டோம். காணிக்கை 2020-க்கு முன்னால் இருந்ததைத் தாண்டிவிட்டது. ஆனால் ஞாயிறு பூசைக்குப் பென் டிரைவ்தான். பாடற்குழுவில் கல்யாணமாகிப் போனவர்கள் போக ஐந்து பேர் இருந்தோம். பட்டனை அழுத்தினால் பதினோரு பேரும் ஆர்மோனியமும் வருகிறது, நாங்கள் எதற்குக் கத்த வேண்டும்? 250-ஐ நிறுத்துவதற்கு ஒரு கூட்டம் போட்டோம். மறுபடி தொடங்குவதற்குக் கூட்டமே போடவில்லை. நிலைமை சரியாகும் வரை என்று எழுதினேனே, நிலைமை எந்தத் தேதியில் சரியானது என்று நோட்டில் எழுத வேண்டியவனும் நான்தான். நான் அப்போது கல்லூரியில் சேர்ந்த குஷியில் இருந்தேன்.

பி.காம்.-இல் வணிகச் சட்டம் படிக்கும்போது கூடுதலாக 1957 பதிப்புரிமைச் சட்டத்தையும் கொஞ்சம் மேய்ந்தேன். 2012 திருத்தத்துக்குப் பிறகு வாசிப்பவர், பாடுபவர்களுக்கும் ராயல்டி உரிமை உண்டு. படித்துவிட்டு ஒரு நிமிஷம் மாஸ்டருக்குக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். பிறகு 52-ஆம் பிரிவு. உண்மையான மதச் சடங்கில் பாட்டைப் பாடினாலும் பதிவை ஒலிக்கவிட்டாலும் உரிமை மீறல் ஆகாது. அதாவது எங்கள் கோயில் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஐந்து வருஷம் தாண்டியும் ஞாயிறுதோறும் அவர் எங்களுக்கு வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார், நாலு ஊரில், ஒரே நேரத்தில், பெட்ரோல் செலவுகூட இல்லாமல்.

நோட்டைப் புரட்ட வேண்டி வந்தது இதற்குத்தான். போன மாதக் கமிட்டியில் நான் இதைப் பேசினேன். நினைத்ததுபோல் சண்டை எதுவும் வரவில்லை. எல்லோருமே தலையைக் குனிந்துகொண்டார்கள். எவரும் யோசிக்காமல் விட்டதுதான் காரணம். ஒருவர் மட்டும், இப்போது அவர் சம்பளக்காரர்தானே, வருவாரா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் வரும் ஞாயிறுகளுக்கு 500 என்று முடிவானது.

அவரிடம் சொல்ல நானே போனேன். பென் டிரைவ் யோசனை என்னுடையது, காப்பி கொடுத்ததும் நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. சிரித்துச் சமாளிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவும் இல்லை. பிறகு, "அதுல ஏழாவது பாட்டுல ஒரு ரீடு தகராறு பண்ணும்டா. அன்னிக்கே சொல்லலாம்னு நெனச்சேன். அஞ்சு வருஷமா அதையா போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஓவர்டைம் இல்லாவிட்டால் சனிக்கிழமை ராத்திரி மெசேஜ் போடுகிறேன் என்றார்.

இரண்டு ஞாயிறு வந்தார். ஆர்மோனியத்தைத் துடைத்துப் புது ரீடு போட்டிருந்தார். விரல் இரண்டு இடத்தில் தடுமாறியது, அவருக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை. பின்வரிசைப் பெரியம்மா அவர் வாசிக்கத் தொடங்கியதும் திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு இந்தப் பக்கம் பார்த்தார்.

இன்று சனிக்கிழமை. மணி பத்தரை ஆகிறது, இன்னும் மெசேஜ் வரவில்லை. நைட் ஷிஃப்டாக இருக்கும். பென் டிரைவை எடுத்து நாளைக்குப் போடும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். தபேலாவை உறையிலிருந்து எடுத்துச் சுருதியும் சேர்த்து வைத்திருக்கிறேன்.